கன்னம் வத்துனத விடுங்க, மூத்திரம் போறானான்னு பாருங்க

உங்க கடிதத்துல முக்கால்வாசி உங்க கடுவன் பூனையோட முகத்த பத்திதான். நாலு வயசு கடுவனுக்கு அஞ்சு மாசம் முன்னாடி கருத்தடை ஆபரேஷன் பண்ணீங்க, உப்பலா இருந்த கன்னம் வத்திருச்சு, அடிவயித்துல தோல் தொங்குது, நல்லா இருந்தவன நாமளே கெடுத்துட்டோமோன்னு அழுகையா வருதுன்னு எழுதியிருக்கீங்க. கடைசியில போற போக்குல, போன வாரம் ஒரு நாள் முழுக்க லிட்டர் ட்ரேல, அதான் அவன் ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மண் தட்டுல, போய் போய் உக்காந்து முக்குனான், மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் கொடுத்தேன், மறுநாள் சரியாயிருச்சு, மறுபடி வந்தா பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமான்னு ஒரு வரி. எனக்கு பக்குன்னு ஆனது அந்த வரியிலதான்.

கடுவன் பூனை ட்ரேல உக்காந்து முக்குனா முதல்ல மூத்திரம் அடைச்சிருக்கான்னுதான் பாக்கணும், மலச்சிக்கல்லாம் அப்புறம். ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் நுனியில ரொம்ப குறுகல், சின்ன உப்புப்பொடியும் சளியும் சேந்தா போதும் மொத்தமா அடைச்சுக்கும். அடைச்சா பொட்டாசியம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறி இதயத்தையே நிறுத்திரும், ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிரும், அதுவும் முதல் நாள்ல சும்மா அடிக்கடி ட்ரேக்கு போறது, கத்துறது, பின்பக்கத்த நக்கிட்டே இருக்கிறது இவ்ளோதான் தெரியும், வாந்தி எடுத்து சுருண்டு படுக்கும்போது நேரம் பாதி போயிருக்கும். போன வாரம் தானா வழி விட்டுச்சு. அடுத்த தடவ ட்ரேல ஈரமே இல்லாம முக்குறான்னு பாத்தா காலைல கூட்டிட்டு போலாம்னு நினைக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. வயித்த அமுக்கி பாக்குறேன்னு நீங்க அமுக்கிடாதீங்க, மூத்திரப்பை கிழிஞ்சிரலாம்.

பாராசிட்டமால், கையெடுத்து கும்புடுறேன், வேண்டவே வேண்டாம். அத உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட ஈரலுக்கு கிடையாது, ஒரே ஒரு மாத்திரையே கொன்னுரும், ஈறு பழுப்பாகி முகம் வீங்கி மூச்சுக்கு தவிச்சு வந்த பூனைகள நான் பாத்திருக்கேன், கொடுத்தவங்க எல்லாரும் பாசத்துலதான் கொடுத்தாங்க. விளக்கெண்ணெயும் நிறுத்துங்க, அது குடலுக்கு போறது, மூத்திரக்குழாய்க்கு ஒண்ணும் பண்ணாது.

இப்ப முகம். அந்த கன்னம் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் கொடுத்தது, கடுவனுங்க சண்டையில கடி வாங்கினா தாங்குறதுக்காக கன்னத்துலயும் கழுத்துலயும் தோல் தடிச்சு வளரும், ஹார்மோன் நின்னதும் மாசக்கணக்குல மெதுவா இறங்கும். நோய் இல்ல, மெலிவும் இல்ல. குறியில இருக்கிற குட்டி முள்ளு உதிர்றது, மூத்திரத்துல அந்த குப்புன்னு அடிக்கிற வாடை குறையறது எல்லாம் இதே கணக்குதான். தொங்குற தோல் எல்லா பூனைக்கும் கொஞ்சம் இருக்கும், ஆபரேஷன் பண்ணாத பூனைக்கும் இருக்கும். நீங்க அவன கெடுக்கல, தெருத்தெருவா போய் கடிபட்டு சீழ் வச்சு வர்ற வாழ்க்கையிலருந்துதான் காப்பாத்தியிருக்கீங்க.

ஆபரேஷன்னால குழாய் சுருங்கி அடைச்சுக்குதுன்னு ஏதோ வீடியோல பாத்தீங்களாம், வளந்த கடுவனுக்கு பண்றதால குழாய் அளவு பெருசா மாறுறதில்ல. மாறுறது பசியும் எடையும். ஆபரேஷனுக்கு அப்புறம் பசி கூடும், உடம்புக்கு தேவை குறையும், அஞ்சு கிலோ இருந்தவன் இப்ப ஆறு கிலோன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குண்டான, வீட்டுக்குள்ளயே படுத்திருக்கிற, உலர் தீனி மட்டும் தின்னு தண்ணி சரியா குடிக்காத ஆண் பூனைக்குத்தான் இந்த அடைப்பு அதிகம் வருது. இப்ப போடுற தீனியில கால் பங்கு வரைக்கும் மட்டும் குறைங்க, மிச்சம் முக்கால் பங்காவது கொடுங்க, பட்டினி போடாதீங்க, குண்டு பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா ஈரல்ல கொழுப்பு ஏறிரும். உப்பு போடாம வேகவச்ச மீனோ கோழியோ அந்த தண்ணியோட கொஞ்சம் கொடுங்க, ரெண்டு மூணு இடத்துல அகலமான கிண்ணத்துல தண்ணி வைங்க.

இந்த வாரமே பக்கத்துல இருக்கிற கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் மூத்திர டெஸ்டும் வயித்து ஸ்கேனும் பண்ணிருங்க. மூத்திரத்துல இருக்கிற உப்புப்பொடி எந்த வகைன்னு தெரிஞ்சாதான் எந்த தீனி கொடுக்கணும்னு சொல்ல முடியும், அதுவரைக்கும் மூத்திர பிரச்சனைக்குன்னு கடையில விக்கிற யூரினரி தீனிய நீங்களா வாங்கி கொடுக்க வேண்டாம்.