தூண்டில் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

"அக்கா, என் வீட்டுக்காரரும் பத்து வயசுப் பையனும் பாஸ் மீன் பிடிக்கும் வெளிநாட்டு வீடியோக்களாகவே பார்க்கிறார்கள். ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு வைகை அணைப் பக்கம் போய்த் தூண்டில் போடலாம் என்று திட்டம். ஆன்லைனில் 'பாஸ் ஃபிஷிங் காம்போ' என்று ராடு, ரீல், நூறு ரப்பர் மீன், பெட்டி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?" — வாசகி, திருநகர்

அந்தச் செட் வேண்டாம் தங்கச்சி. ராடு நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். முதலில், நம் தண்ணீரில் அந்த மீனே கிடையாது.

வீடியோவில் நீங்கள் பார்ப்பது லார்ஜ்மவுத் பாஸ். வாயை அகலத் திறந்து தண்ணீருக்கு மேலே துள்ளுமே, அதுதான். வட அமெரிக்காவின் ஏரிகளில் பிறந்த மீன். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் இன்றும் உலக சாதனை. நம் கணக்கில் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமாக ஒன்று சிக்கியது. ஜப்பானுக்கு அது தானாக நீந்திப் போகவில்லை. 1925-ல் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று இப்போது அங்கே சட்டம் போட்டுத் தடுக்கிறார்கள். நம் ஊரில் யாராவது 'பாஸ் குஞ்சு' என்று விற்க வந்தாலும் வாங்கிக் கண்மாயில் விட்டுவிடாதீர்கள்.

நம் அணைகளிலும் கண்மாய்களிலும் கிடைப்பது கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, விரால். இவற்றில் கட்லாவும் ரோகுவும் ரப்பர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவற்றுக்கு மாவு உருண்டைதான். ஜிலேபிக்கு மண்புழு போதும். பாஸ் மாதிரி பாசிக்குள் பதுங்கியிருந்து பாய்வது விரால் ஒன்றுதான். ஆகவே அந்த நூறு ரப்பரில் உங்களுக்கு உதவக்கூடியது உள்ளே காற்று நிரம்பிய தவளை மட்டும்தான். அது தனியாகவே விற்கிறது. ஒன்றோ இரண்டோ வாங்கினால் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போகும். அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். அங்கே தவளையைப் போட்டால் கட்டாயம் பாயும், பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. அந்த விராலை விட்டுவிடச் சொல்லிப் பையனுக்குப் பழக்குங்கள்.

சரி, எதை வாங்குவது? பையனுக்கு ரீலே, அதாவது நரம்பு சுற்றும் சக்கரமே, வேண்டாம். பத்தடி மூங்கில் கம்பு, மெல்லிய நைலான் நரம்பு, ஒரு தக்கை, சின்ன முள், துளி ஈயம், இவ்வளவுதான். ஜிலேபி கொத்தும்போது தக்கை முதலில் லேசாக நடுங்கும், அப்புறம் சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும். அதைக் கண்ணால் பார்த்து இழுக்கப் பழகிய பிள்ளைக்குத்தான் பிறகு ரீல் புரியும். பெரியவருக்கு ஏழடியில் இரண்டு துண்டாகப் பூட்டும் ராடு, 3000 நம்பர் ஸ்பின்னிங் ரீல், 0.30 மில்லிமீட்டர் நரம்பு. மடக்கி மடக்கிச் சின்னதாகும் ராடு பைக்குள் அடங்கும், பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம். மணல் ஒரு தடவை உள்ளே போனால் மடங்காது, அல்லது நீட்டிய இடத்தில் நிற்காது.

கடைக்குப் போகும்போது காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். ராடில் நரம்பு ஓடும் வளையம் ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு இழை மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் சீக்கிரமே நரம்பை அறுத்துவிடும். ரீலில் பேரிங் எத்தனை என்று '12+1' என்றெல்லாம் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்து விலை கொடுக்காதீர்கள். நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். திக்கித் திக்கி வராமல் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக வர வேண்டும். வெயிலில் தொங்கவிட்டிருக்கும் நைலான் நரம்பை வாங்காதீர்கள். வெயில் பட்ட நரம்பு பார்வைக்குப் புதிதாக இருக்கும், இழுத்தால் பட்டென்று போய்விடும்.

பில்லைப் பற்றி என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு கடையில் மடக்கு ராடு ஒன்று வாங்கினேன். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் முதல் வீச்சிலேயே மூன்றாம் மூட்டில் ஒடிந்தது. ஒடிந்த வாயைப் பார்த்தால் ஃபைபர் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நடுவில் ஒரு காற்றுக் குமிழி. தயாரிக்கும்போதே வந்த குறை. நாலாம் நாள் கொண்டுபோனேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் காட்டினார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்தப் போர்டு செல்லாது. பில்லில் எழுதிய கெடுவுக்குள், கெடு எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கடையிலிருந்தே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். அடுத்த வாரம் பணம் வந்தது. கையில் பில்லும் ஒடிந்த துண்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். புகார் கொடுத்தால் அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020-ஆம் வருட மின்வணிக விதி அது.

செலவு செய்யும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அணையிலும் கண்மாயிலும் உள்ள மீன் பெரும்பாலும் யாரோ ஏலம் எடுத்த மீன். 'மீன்பாசி ஏலம்' என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது அதைத்தான். வைகை அணை என்றால் அங்குள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில், கண்மாய் என்றால் குத்தகைக்காரரிடம், முதலில் கேளுங்கள். கேட்காமல் தூண்டில் போட்டுப் பிள்ளை முன்னால் திட்டு வாங்கினால் பையனுக்கு மீன்பிடியே வெறுத்துப்போகும். 1959-ல் திறந்த அந்த அணைத் தண்ணீரைத்தான் மதுரை குடிக்கிறது என்பதையும் சொல்லிக் கூட்டிப்போங்கள். அறுந்த நரம்பை அங்கே விட்டு வராதீர்கள். நீர்க்காகமும் கொக்கும் காலில் அதைச் சுற்றிக்கொண்டு தவிப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு கேட்காது.

காசே செலவில்லாமல் குடும்பத்தோடு மீன் பிடிக்க வேண்டும் என்றால் கோடையில் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். தண்ணீர் வற்றிய கண்மாய்க் கரையில் விடியும் முன்பே ஊர் திரண்டு நிற்கும். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு எல்லோரும் இறங்குவார்கள். தெரிந்தவர் ஊரில் நடந்தால் பையனைத் தவறாமல் கூட்டிப்போங்கள்.

"கொடைக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் 'ஏரியைப் பார்த்த அறை, தூண்டில் மீன்பிடிப்பு இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டு ராத்திரிக்கு 18,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினேன். போனால் ஜன்னலுக்கு எதிரே சுவர். மீன் பிடிக்க அனுமதியே இல்லை என்கிறார்கள். பணத்தைக் கேட்டால், 'கட்டிய பணம் திரும்பாது என்று போட்டிருக்கிறோமே' என்கிறார்கள். என்ன செய்வது மேடம்?" — வாசகர், உசிலம்பட்டி

'திரும்பாது' என்று அவர்கள் எழுதியிருப்பது நீங்கள் ரத்து செய்தால் பொருந்தலாம். நீங்கள் ரத்து செய்யவில்லை, போய் நின்றீர்கள். சொன்னதைக் கொடுக்காதவர்கள் அவர்கள். சட்டத்தில் இதற்கு இரண்டு பெயர் இருக்கிறது: தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு.

விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஜன்னலிலிருந்து எடுத்த படம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதியோடு ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கொடைக்கானலுக்கோ திண்டுக்கல்லுக்கோ அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். இந்த உரிமை 2019 சட்டத்தில்தான் வந்தது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இரண்டு ராத்திரியும் தங்கிச் சாப்பிட்டுவிட்டு 18,000-ஐயும் திருப்பிக் கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அதே ரிசார்ட்டில் ஏரி தெரியாத அறைக்கு என்ன வாடகை என்று பாருங்கள். அந்த வித்தியாசம், பிள்ளைகள் ஏமாந்ததற்கு ஒரு நஷ்டஈடு, கடிதச் செலவு, இவ்வளவையும் கேளுங்கள். நியாயமான தொகையாகக் கேட்டால் பெரும்பாலும் ஆணையம் வரை போகாமலே முடிந்துவிடும்.

அடுத்த தடவை புக் செய்யும் முன் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஏரி, அறையிலிருந்து எத்தனை மீட்டர்? மீன் பிடிக்க அனுமதி யார் கொடுக்கிறார்கள், அந்தச் சீட்டின் படத்தை அனுப்புவீர்களா? எழுத்தில் பதில் வராத இடத்துக்கு முன்பணம் வேண்டாம் என்பது என் எண்ணம். நட்சத்திர வடிவில் நகர நடுவில் இருக்கும் கொடை ஏரி 1863-ல் ஓடைத் தண்ணீரைக் கரை கட்டித் தடுத்து உண்டாக்கியது. சுற்றிலும் கட்டடங்கள் இருப்பதால் அதைக் காட்டியே 'ஏரிக்கரை' என்று விற்பவர்கள் நிறையப் பேர். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

"தங்கச்சி மகளுக்கு நாலு வயசு, 15 கிலோ. படகில் கூட்டிப்போகக் காற்று அடிக்கும் ஜாக்கெட் ஒன்று பார்த்தோம், விலையும் குறைவு. அது போதுமா?" — வாசகி, சோழவந்தான்

போதாது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அது நீச்சல் குளத்தில் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு விளையாடும் பொம்மை. முள் ஒன்று குத்தினால் காற்று போய்விடும், தூண்டில் முள் கிடக்கும் படகில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே ஃபோம் வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். லேபிளில் எத்தனை கிலோ உடம்புக்கு என்று எழுதியிருக்கும். 15 கிலோ அந்த எல்லைக்குள் வர வேண்டும், 'வளர்ந்தாலும் ஆகும்' என்று பெரிய அளவை வாங்கக் கூடாது. மிதக்க வைக்கும் சக்தியை நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. குழந்தைக்கு 100 வேண்டும். தலைக்குப் பின்னால் காலர், இரண்டு காலுக்கும் நடுவே வரும் பட்டை, ஒரு விசில். அந்தக் காலிடைப் பட்டை இல்லாமல் இருந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும்.

கடையிலேயே போட்டுப் பாருங்கள். எல்லாப் பட்டையையும் பூட்டிவிட்டு, தோள்பக்கம் ஜாக்கெட்டைப் பிடித்துக் குழந்தையை லேசாகத் தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறி வந்தால் அது வேண்டாம். படகுத்துறையில் கொடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. பிள்ளை அளவு இல்லையென்றால் ஏறாமல் திரும்பிவிடுங்கள், படகுக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

கரையில் நிற்கும்போதும் போட்டே வைத்திருங்கள். கண்மாயில் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் அளவில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆள் உயரத்துக்குள் போய்விடும். வருடந்தோறும் இப்படிப் பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கிறோம். ஒரு பெரியவர் தூண்டிலைத் தொடாமல் குழந்தையைக் கை எட்டும் தூரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

"ஏரிக்கரையில் இரண்டு கிலோ கட்லா வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?" — வாசகர், திருமங்கலம்

வெட்டிச் சுத்தம் செய்து வாங்கினீர்களா என்று எழுதவில்லை. செதில், செவுள், குடல், தலை போனால் கட்லா நிறையவே எடை குறையும், அது ஏமாற்று இல்லை. வெட்டும் முன் நிறுக்கச் சொல்லுங்கள். தராசு முதலில் சைபர் காட்டுகிறதா, தட்டின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசை வருடத்துக்கு ஒரு தடவை முத்திரை போட்டுச் சரிபார்க்க வேண்டும். முத்திரை இல்லாமல் இருந்தாலோ முழு மீனே எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். தராசில் மீன் இருக்கும்போதே எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், புகாரோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.