பழைய பேஸ் கிட்டார் வாங்கும்போது எதை முதலில் சோதிக்க வேண்டும்?

நெக்கை, அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியை. மற்ற கோளாறுகள் பெரும்பாலும் சிறு செலவில் தீரும். முறுக்கிக்கொண்ட நெக் தீராது.

தந்திகளைச் சரியான சுருதிக்குக் கூட்டிய பிறகே பாருங்கள். தளர்ந்த தந்தியில் நெக்கின் உண்மை நிலை தெரியாது. தடித்த ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். 7, 8ஆம் ஃபிரெட் அருகே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமிருந்தால், நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று முறுக்கினால் குறையும். விற்பவரின் அனுமதியோடு செய்யுங்கள். ராடு முழுக்க இறுகியும் நெக் வளைந்தே இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் ‘ம்ம்’ என்ற இரைச்சல். ஜாஸ் பேஸ் என்ற மாடலில் இருப்பவை பொதுவாக இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்கள்). ஒன்றின் வால்யூமை மட்டும் திறந்தால் ஹம் வருவது இயல்பு. இதைப் பழுதென்று எண்ணி நல்ல கிட்டாரை ஒதுக்குவோர் உண்டு. இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்ததும் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பொருந்தாத பிக்கப் மாட்டியிருக்கலாம், அல்லது எர்த் ஒயர் விட்டிருக்கலாம்.

குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனர் போதும். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளது) என்றால் புது 9 வோல்ட் பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்து ஒலி உடைந்து கேட்கும்.