கேட்டதும் சொன்னதும்: செவ்வாயில் ஒரு வண்டித்தடம்

கே: செவ்வாய்க் கிரகத்தில் ஒரு ரோவர் ஊர்ந்து போனதை மூன்று வருடம் விடாமல் பார்த்துவந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். நத்தை வேகத்தில் போகிற வண்டியில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?
- கரூர் வாசகர்

ப: அந்த ரோவரின் பெயர் ஆப்பர்ச்சுனிட்டி, நாசா அனுப்பிய ஆளில்லாத ஆறு சக்கர வண்டி. நத்தையோடு பந்தயம் விட்டால் அதுதான் ஜெயிக்கும். சமதரையில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். கல், குழி இருக்கிறதா என்று தானே நின்று படமெடுத்துப் பார்த்துக்கொண்டு போனால் சராசரி 1 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும்.

நான் சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் வண்டியைவிட அது போன பாதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 2008 ஆகஸ்டு கடைசியில் விக்டோரியா என்ற பள்ளத்திலிருந்து அது மேலே ஏறி வந்தது. அடுத்த இலக்கு எண்டெவர், 22 கி.மீ. அகலமுள்ள பெரும்பள்ளம். நேர்கோட்டில் அதன் விளிம்பு சுமார் 12 கி.மீ. போய்ச் சேர்ந்தது 2011 ஆகஸ்டு 9-ல். ஓடிய தூரமோ 21 கி.மீ. கூடுதலாக ஓடிய அந்த 9 கிலோமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு 2005-க்குப் போக வேண்டும். வண்டி ஓடிய சமவெளி முழுக்க மணல் அலைகள், வரிசை வரிசையாக. அவற்றில் சுமார் முப்பது சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒன்றில், ஏப்ரல் கடைசியில், ஆறு சக்கரமும் புதைந்துவிட்டன. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றை எண்ணித் தூரம் கணக்கிடுகிற வண்டி, தான் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்தது. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் (ஜே.பி.எல்.) பெரிய மணல் தொட்டியில் இன்னொரு ரோவரை வேண்டுமென்றே புதைத்து, எப்படி வெளியே எடுப்பது என்று பழகிப் பார்த்தார்கள். அப்புறம்தான் அங்கே கட்டளை அனுப்பினார்கள். ஜூன் 4-ல் வண்டி வெளியே வந்தது. அதற்குள் சக்கரங்கள் சுற்றிய சுற்றுக்கு 192 மீட்டர் ஓடியிருக்க வேண்டும். நகர்ந்தது ஏறக்குறைய ஒரு மீட்டர்! நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, ‘சார், ஒன்பது சங்கிலி ஆச்சு’ என்று குரல் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

அந்த மணல்மேட்டுக்கு பர்கேட்டரி என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு சக்கரக் கணக்கை முழுசாக நம்புவதில்லை. சந்தேகமான தரையில் கொஞ்சம் நகர்ந்ததும் வண்டி நின்று, சற்றுமுன் எடுத்த படத்தில் இருந்த அதே கற்கள் இப்போது எங்கே தெரிகின்றன என்று ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடும். சறுக்கல் அதிகம் என்றால் அன்றைக்கு ஓட்டம் அங்கேயே முடிந்தது. எண்டெவருக்குக் கிளம்பியபோது, மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்கலத்தின் படங்களும் கையில் இருந்தன. பெரிய மணல் அலைகள் எங்கே என்று பார்த்து, நேராகப் போகாமல் தெற்கே இறங்கிச் சுற்றிப் போனார்கள். சுற்றுவழியில் போகிறவனுக்கு வழி தெரியவில்லை என்று அர்த்தமில்லை.

நான் பார்த்தது என்ன என்று கேட்டீர்கள். வண்டி எடுத்த படங்களை நாசா அப்படியே இணையத்தில் போட்டுவிடும், மெருகு எதுவும் இல்லாமல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். மேலிருந்து எடுத்த படத்தை அச்செடுத்து அதில் பென்சிலால் பாதையைக் குறிப்பேன். (வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.) தட்டையான பாறைத் தரையாக இருந்தால் ஒரே நாளில் நூறு மீட்டருக்கு மேல் தடம் நேராக ஓடியிருக்கும். மணல் என்றால் தடம் தயங்கித் தயங்கி நிற்கும். வலது முன்சக்கரத்தின் ஸ்டீயரிங் 2005-லேயே இறுகிப்போய், அது கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியபடியே நின்றுவிட்டது. அதே சக்கரத்தின் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்ததால் பெரும்பாலும் ரிவர்ஸிலேயே ஓட்டினார்கள். செவ்வாயில் பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டே போன வண்டி அது.

2009 ஜூலையில் ஒரு நாள் தடம் வந்த வழியே திரும்பியது. கடந்து போன பிறகு வந்து சேர்ந்த படத்தில் ஒரு கருங்கட்டி தெரிந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் இரும்பு விண்கல், இரண்டடி அகலம். பிளாக் ஐலண்ட் என்று பெயரிட்டார்கள். மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரம் அதுதான். அவசரக்காரர்களாக இருந்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

போய்ச் சேர்ந்து என்ன கிடைத்தது என்றால், விளிம்பை ஒட்டிக் கட்டைவிரல் அகலத்தில், அரை மீட்டர் நீளத்தில் வெள்ளையாக ஒரு கோடு. ஜிப்சம். உங்கள் பக்கம் நிலக்கடலைக்குப் போடுவார்களே, அதேதான். பாறை வெடிப்புக்குள் தண்ணீர் ஓடினால்தான் அப்படிப் படியும்.

கே: வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? வீடியோ கேம் மாதிரி கைப்பிடி வைத்தா?
- பத்தாம் வகுப்பு மாணவி, ஆம்பூர்

ப: கைப்பிடியால் முடியாதம்மா. இங்கிருந்து சிக்னல் போய்ச் சேரக் கிரகங்களின் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ‘பள்ளம்!’ என்று அங்கிருந்து படம் வருவதற்குள் வண்டி விழுந்தே கிடக்கும். அதனால் முந்தைய நாள் படங்களைப் பார்த்து, ஒரு நாளைக்கான கட்டளைகளை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு சிக்கல் கடிகாரம். செவ்வாயின் நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம். நம் பகலும் அதன் பகலும் தினமும் நழுவிக்கொண்டே போகும். சில வாரங்களில் படம் வந்துசேரும் நேரத்துக்கு இங்கே அலுவலகம் முடிந்திருக்கும். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட்டம்.

கே: ‘என் பேட்டரி குறைகிறது, இருட்டுகிறது’ என்பதுதான் அது கடைசியாக அனுப்பிய செய்தியாமே? படித்துவிட்டு அழுதேன்.
- வாசகி, மயிலாடுதுறை

ப: அழுங்கள், தப்பில்லை. ஆனால் அது வண்டி அனுப்பிய வாசகம் இல்லை. விஞ்ஞானிகள் சொன்னதை ஒரு செய்தியாளர் தன் சொற்களில் ட்விட்டரில் எழுதினார், அது வண்டியின் வாயில் ஏறிவிட்டது. 2018 ஜூன் 10-ல் தூசிப் புயலுக்கு நடுவில் வந்தவை வெறும் எண்கள். அன்றைய மின்சாரம் 22 வாட்-மணி. புதிதாக இறங்கியபோது சூரியத்தகடுகள் தினம் 900 வரை கொடுத்தன. ஆயிரம் தடவைக்கு மேல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13-ல் முடிந்தது என்று அறிவித்தார்கள். எனக்கு அந்த 22 போதும், வசனம் வேண்டாம்.

கே: வேற்று மண்ணில் அதிக தூரம் ஓடியது ரஷ்யாவின் வண்டிதானே?
- நாகர்கோவில் வாசகர்

ப: 2014 வரை. 1973-ல் சந்திரனில் ஓடிய லூனகோத்-2 போன தூரம் 37 கி.மீ. என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். பிறகு சந்திரனைச் சுற்றும் விண்கலத்தின் படங்களில் அதன் தடம் தெரிந்தது. அதை வைத்து முதலில் 42 என்றார்கள், மறுபடி அளந்து 39-க்கு வந்தார்கள். ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட அளவு அது. நம் ஊர் வரப்புத் தகராறுகூட இவ்வளவு கண்ணியமாக முடிந்து நான் பார்த்ததில்லை. 2014 ஜூலையில் ஆப்பர்ச்சுனிட்டி அதைத் தாண்டியது. 2015 மார்ச் 24-ல் ஒரு மாரத்தான் தூரத்தை முடித்தது, நேரம் 11 வருடம் 2 மாதம். கடைசிக் கணக்கு 45.16 கி.மீ. முதலில் அதற்குக் கொடுத்திருந்த கெடு 90 செவ்வாய் நாள்!

கே: இப்போது தொடங்கினால் எதைப் பார்க்கலாம்?
- திருச்சி வாசகர்

ப: பர்சிவியரன்ஸ் 2021 பிப்ரவரியில் ஜெஸெரோ பள்ளத்தில் இறங்கியது. ஓடிக்கொண்டே வழியை யோசிக்கும். ஆப்பர்ச்சுனிட்டியின் ஒருநாள் சாதனையான 220 மீட்டரை 2022-லேயே தாண்டிவிட்டது. வேகம் பிடிக்கும் என்றால் அது. என்னைக் கேட்டால் கியூரியாசிட்டி, 2012-லிருந்து கேல் பள்ளத்தில் இருக்கிறது, நடுவிலுள்ள மலையில் ஏறுகிறது. சக்கரங்களில் கல் குத்தி ஓட்டைகள். அவை தவிர, வேண்டுமென்றே வெட்டிய துளைகளும் அந்தச் சக்கரத்தில் உண்டு; அவை மண்ணில் பதிக்கும் தடத்தில் ஜே.பி.எல். என்ற எழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் (தந்திக்காரர்களின் புள்ளி, கோடு மொழி) இருக்கும், தேடிப் பாருங்கள். முன் கேமராவை விட்டுவிட்டு முதலில் பின்பக்கக் கேமராவின் படத்தைத் திறங்கள், தடம் அதில்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும்போது இரண்டு வாரம் போலக் கட்டளை அனுப்ப மாட்டார்கள், வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்காகப் பயந்து எனக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள்.