கார் ஓடும்போது சூடு சரியாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் வெப்பநிலை காட்டும் முள் ஏறுகிறது. ஏன்?

முதலில் ரேடியேட்டர் ஃபேனைத்தான் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில்தான்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபேனின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் கோளாறு வயரிங்கிலோ வெப்பநிலை சென்சாரிலோ இருக்கும். ஏசி போட்டால் ஓடி, சூடேறும்போது மட்டும் ஓடாத ஃபேன் என்றால் என் சந்தேகம் சென்சார் மேல்தான். சோதிக்கும்போது கையைத் தள்ளியே வையுங்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும்.

ஃபேன் நன்றாக இருந்தால் கூலன்ட் அளவு, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்த தூசி, வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடும் வால்வு) மூடியபடி சிக்கியிருந்தால் பொதுவாக ஓடும்போதும் சூடேறும், அதனால் அதைக் கடைசியில் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.