ஒரு சர்க்கரைப் பொட்டலத்தின் எடை

தீங்கைப் பார்த்துத்தானே போதைப்பொருள் சட்டங்கள் எழுதப்படுகின்றன, இதில் இனவெறியை ஏன் இழுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்திகளை மட்டும் பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான். அமெரிக்காவில் பணியாற்றியபோது, மதிய உணவு மேசையில் கறுப்பின நண்பர் ஒருவரிடம் ஏறத்தாழ இதே சொற்களில் இதே கேள்வியைக் கேட்டவன் நான்.

அவர் வாதாடவில்லை. காப்பிக்காக எடுத்துவைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, எடை எவ்வளவு இருக்கும் என்றார். சுமார் 4 கிராம். அதோடு ஒரு சிட்டிகை சேர்த்தால் 5 கிராம் ஆகிவிடும். 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கிராக் எனப்படும் கட்டிக் கொக்கைனை அந்த அளவு விற்றாலே குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. தூள் கொக்கைன் விற்றவருக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். 1988-இல், விற்காமல் கையில் வைத்திருந்தாலும் கிராக்குக்கு அதே ஐந்தாண்டு என்றாக்கினார்கள். இரண்டும் ஒரே கொக்கைன்தான். ஒன்றைப் புகைப்பார்கள், மற்றதை மூக்கால் உறிஞ்சுவார்கள். கிராக் வழக்குகளில் சிறை சென்றோரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். நண்பரின் சித்தப்பா மகன் அவர்களில் ஒருவர்.

அன்று வாயடைத்துப் போன நான், பிறகுதான் பழைய சட்டங்களைத் தேடிப் படித்தேன். 1875-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் சீனர்களின் அபின் புகைக்கும் கூடங்களைத் தடைசெய்தது. வெள்ளையர் வீடுகளில் மருந்தென்று குடித்துவந்த அபின் கரைசலான லாடனத்தை அது தொடவில்லை. 1914 பிப்ரவரியில், கொக்கைன் உண்ட கறுப்பினத்தவர் தெற்கு மாநிலங்களுக்குப் புதிய அபாயம் என்று ஒரு மருத்துவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அந்த ஆண்டின் இறுதியில், அபின், கொக்கைன் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஹாரிசன் சட்டம் வந்தது. எனக்கு உறைத்தது இவை அல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் அரசு 1870-இல் இயற்றிய சட்டமொன்று, கஞ்சாவைப் புகைக்கவும் வைத்திருக்கவும் ‘கூலிகளுக்கு’ மட்டும் தடை விதித்தது. அந்தக் கூலிகள், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்கள். செடியின் தீங்குதான் காரணம் என்றால், சட்டத்தில் ஆளின் பெயர் எதற்கு?

போதைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கிளம்பவிருப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கிராக் குடும்பங்களை அழித்தது உண்மை. 1986 சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர்களிலேயே சிலர் ஆதரித்ததும் உண்மை. ஆகவே அதற்கு வாக்களித்த ஒவ்வொருவர் மனத்திலும் வெறுப்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டனை அளவுகளை வகுக்கும் ஆணையமே 1995-இல் இரண்டையும் சமமாக்கப் பரிந்துரைத்தபோது காங்கிரஸ் அதை நிராகரித்ததே, அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? விளைவு கண்முன் தெரிந்த பிறகுதானே நிராகரித்தார்கள்?

2010-இல்தான் 5 கிராமை 28 கிராமாக உயர்த்தினார்கள். நூறுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் பதினெட்டுக்கு ஒன்று ஆயிற்று, சமமாகவில்லை. பழைய கைதிகளுக்கும் அது பொருந்தும் என்றாக 2018 வரை ஆனது. செய்தி வந்த அன்று நண்பரை அழைத்தேன். அவர் தம்பி தண்டனையை முடித்து வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. “ஏழு பொட்டலம்” என்று மட்டும் சொன்னார்.