காட் அன்ரிபொடி பொசிட்டிவ், சி பெப்ரைட் நோர்மல் எண்டா இன்சுலின் போடோணுமோ?

நாலு வருசத்துக்கு முதல் நானும் இதே ரிப்போட்டைக் கையில வச்சுக்கொண்டு முழிச்சனான். 39 வயசில சீனி வருத்தம் பிடிபட்டது, அம்மா பெரியம்மா எல்லாருக்கும் இருக்கு எண்டபடியா ஒருத்தரும் யோசிக்கேல்லை, ரைப் 2 எண்டு மெற்போமின் தந்தாச்சு. ஆனா நான் ஆளே மெல்லிசு. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் எண்டு கிடந்தும் சீனி இறங்கேல்லை, உடம்புதான் இறங்கிச்சு, பெரியம்மா வந்து "ஒளிச்சு இனிப்புத் தின்னுறியோ" எண்டு கேட்டவ. பேந்து வேற ஒரு டொக்டர் பாத்திட்டு காட் அன்ரிபொடிக்கு, அதாவது உடம்பு தன்ர சதையியையே எதிர்க்குதோ எண்டு காட்டுற ரத்தச் சோதனைக்கு, எழுதித் தந்து, ரத்தம் கொழும்புக்குப் போய்த்தான் விசயம் வெளிச்சது.

கனபேர் அன்ரிபொடிதான் இன்சுலினை நிப்பாட்டுது எண்டு நினைக்கினம். கோழிக்கூட்டுக்க மரநாய் பூந்தா வீட்டு நாய் குரைக்குமெல்லோ, ஆனா கோழியைப் பிடிக்கிறது மரநாய். சதையியில இன்சுலின் சுரக்கிற பீற்றா கலங்களை அழிக்கிறதில முக்கியமான ஆள் நோய் எதிர்ப்புப் படையில இருக்கிற ரி கலம், அன்ரிபொடி குரைக்கிற சத்தம் மட்டும்தான். கூட்டுக்க எத்தினை கோழி மிச்சம் எண்டு சொல்லுறது சி பெப்ரைட். சதையி இன்சுலின் விடேக்க அதே கணக்கில சி பெப்ரைட்டும் வரும், ஊசி இன்சுலினில அது இல்லை, அதால ஊசி போடுற ஆளிலயும் சொந்தச் சுரப்பை அளக்கலாம். ரத்தம் எடுக்கேக்க சீனி நல்லாக் குறைஞ்சிருந்தா சி பெப்ரைட்டும் குறைவாத்தான் காட்டும், ரெண்டையும் ஒண்டா எடுக்கச் சொல்லுங்கோ.

அப்ப உங்களுக்கு நாயும் குரைக்குது, கோழியும் இருக்கு. இதை லாடா எண்டுவினம், வளந்தாக்களில மெல்ல மெல்ல வாற ரைப் 1 மாதிரி. உடன இன்சுலின் எண்டில்லை, எனக்கு ரெண்டு வருசம் இழுத்தது, ஆறு மாசத்துக்கொருக்கா சி பெப்ரைட் பாத்து அது சரிஞ்ச பிறகுதான் ஊசி துவங்கினது. அதுக்கு முதல் காட் அளவு எத்தினை எண்டு பாருங்கோ, மட்டுமட்டாப் பொசிட்டிவ் எண்டா பொய்யாவும் இருக்கலாம், ஐஏ 2, சிங்க் ட்ரான்ஸ்போட்டர் 8 எண்ட மற்ற அன்ரிபொடியளையும் சேத்துப் பாத்து, அதுகளும் பொசிட்டிவ் எண்டா உறுதி.

மூத்திரத்தால சீனியை வெளியேத்திற குளிசை ஆரும் தந்தா காட் பொசிட்டிவ் எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, இன்சுலின் குறைஞ்ச ஆக்களுக்கு சீனி பெரிசா ஏறாமலே கீற்றோன் (கொழுப்புக் கரையேக்க வாற அமிலம்) ரத்தத்தில ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகும். தைரொய்ட்டையும் ஒருக்காப் பாருங்கோ, எனக்கு அங்கயும் நாய் குரைக்குது.