எந்த மாயாவியை வாங்குவது?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, தம்பி மூன்று பேருக்கும் முகமூடி வீரர் மாயாவி என்றால் உயிர். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் இரவல் வாங்கிப் படித்த இந்திரஜால் காமிக்ஸ்தான் அசல் என்கிறார் தாத்தா. அப்பாவுக்கு ராணி காமிக்ஸ்தான் எல்லாம். தம்பி 1996இல் வந்த படத்தைப் பார்த்தவன். ஊதா உடுப்புப் போட்டவர்தான் உண்மையான மாயாவி என்று அடம் பிடிக்கிறான். தீபாவளிக்கு மூவருக்கும் பொதுவாக ஒரு பரிசு கொடுக்க 10,000 ரூபா சேர்த்து வைத்திருக்கிறேன். இவற்றில் எது சிறந்தது? எதை வாங்கினால் காசு வீண் போகாது? (ஹட்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, மூன்று பேரும் சொல்வது ஒரே ஆளைத்தான். லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் 1936 பெப்ரவரி 17இல் செய்தித்தாளில் தொடங்கிய ‘ஃபாண்டம்’ என்ற தினசரிப் படக்கதைதான் எல்லாவற்றுக்கும் தாய். இந்திரஜாலும் ராணியும் அதிலிருந்து எடுத்துத்தான் போட்டார்கள். ஓவியர் யார், கதையை எவ்வளவு வெட்டினார்கள், என்ன நிறம் பூசினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். தினசரித் தொடர் கறுப்பு வெள்ளை, அதில் நிறமே கிடையாது. ஃபால்க் மனதில் நினைத்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு இதழுக்கு வண்ணத்தில் அச்சிட்டபோது அது ஊதாவாகிவிட்டது. சுவீடனில் இதே மாயாவிக்கு நீல உடுப்பு, இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள், ஊதா பொய்யில்லை, ஆனால் அதை வைத்து அசல் எது என்று தீர்மானிக்க முடியாது.

ஓவியர் விஷயம்தான் பெரியது. முதலில் வரைந்தவர் ரே மூர். நிழல் அடர்ந்த படங்கள், காட்டுக்குள் யாரோ நிற்கிறார் என்ற பயம் வரும். அடுத்து வில்சன் மெக்காய். கோடு எளிமை, முகங்களில் ஒரு வெகுளித்தனம். தாத்தா படித்த காலத்து இந்திரஜாலில் இவர் வரைந்த கதைகள் நிறைய. 1961இல் சை பாரி வந்தார், 1994 வரை அவர்தான். அப்பா ராணியில் படித்த பல கதைகளும் இவர் கைவண்ணமே.

இந்திரஜால் 1964 முதல் 1990 வரை வந்தது. பி. கோவிந்த் வரைந்த அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அவை மறக்காது. தாத்தா அதைத்தான் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஆரம்ப இதழ்களில் பக்கம் போதாமல் கதையைச் சுருக்கினார்கள். மாயாவியின் நாட்டுப் பெயர் வங்காளத்தைப் போல ஒலித்தால் இந்தியாவில் குழப்பம் வரும் என்று டென்காலி ஆக்கினார்கள். ராணி காமிக்ஸ் கைக்கு அடக்கமான சின்ன இதழ். பஸ்ஸில் படிக்க வசதி, படத்துக்குத்தான் இடமில்லை. செய்தித்தாளில் நீளவாக்கில் வந்த கட்டங்களைச் சின்னப் பக்கத்தில் பொருத்தும்போது ஓரங்கள் போய்விடும்.

என் தீர்ப்பைக் கேட்டால், லீ ஃபால்க் எழுதி சை பாரி வரைந்தவை, அதிலும் 1960களும் 70களும். ஓவியம் மட்டும் காரணமில்லை. முப்பதுகளின் கதைகளை இன்று படித்தால் எனக்கு நெருடுகிறது. காட்டு மக்கள் எல்லாரும் பயந்து நடுங்க, ஒரு வெள்ளைக்காரர் வந்து தீர்ப்புச் சொல்கிறார். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமார் பங்களாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைச் சும்மா தாண்டிப்போக முடியாது. அறுபதுகளில் ஃபால்க் அதைத் தானே திருத்தத் தொடங்கினார். மாயாவியின் நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்ற கறுப்பின வைத்தியர் தேர்தலில் வென்று ஜனாதிபதி ஆகிறார். மாயாவி அவருக்கு நண்பராகத் துணை நிற்கிறார். அந்த மாற்றம் வந்த பிறகுதான் இந்தக் கதையை என்னால் முழு மனதோடு நேசிக்க முடிந்தது.

இன்னொன்று. கதைப்படி 1536இல் கடற்கொள்ளையர் தகப்பனைக் கொன்றுவிட, தப்பிக் கரையேறிய மகன் கொலைகாரனின் மண்டை ஓட்டின் மேல் சத்தியம் செய்கிறான். அன்றிலிருந்து அப்பனுக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறுகிறது. நாம் படிப்பது 21ஆவது மாயாவியை. ஊருக்கு மட்டும் ஒரே ஆள், சாவே இல்லாதவர். மண்டை ஓட்டுக் குகையில் ஒவ்வொரு தலைமுறையும் எழுதி வைத்த ஏடுகள் வரிசையாக இருக்கும். அவர் அவற்றில் ஒன்றை எடுத்துப் புரட்டினால் ஒரு பழைய கதை தொடங்கும். சை பாரி அந்தக் குகையை வரைந்தால் தோல் அட்டையின் மடிப்புக்கூடத் தெரியும். பேர் பதிந்த தேயிலைத் தோட்டத்திலேயே பாட்டன், தகப்பன், மகன் என்று மலை ஏறிய குடும்பங்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி ஒலிக்கும். உங்கள் வீட்டு மூன்று பேரும் இதே கதையைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, காசுக்கு வருவோம். சிவகாசியில் இருக்கும் முத்து காமிக்ஸ்காரர்கள் அண்மைய ஆண்டுகளில் இந்தக் கதைகளைப் பெரிய அளவில், கெட்டி அட்டையில் மறுபதிப்பாகக் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு தொகுப்பு வாங்குங்கள். கட்டங்கள் பெரிது, தாத்தாவின் கண்ணுக்கும் அது நல்லது. முத்துவில் இவர் பெயர் ‘வேதாளர்’, கடையில் அப்படிக் கேட்க வேண்டும். சிவகாசியிலிருந்து தபாலில் எடுப்பதென்றால் புத்தக விலையோடு நிற்காமல் தபால் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கெட்டி அட்டை எடை கூடியது, சிலவேளை தபால் செலவு புத்தகத்தைத் தாண்டிவிடும். கொழும்புக்கு யாராவது போனால் வெள்ளவத்தை, செட்டியார் தெரு தமிழ்ப் புத்தகக் கடைகளில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியும் இருக்கிறது, தீபாவளிக்கு முன்பே வந்துவிடும்.

மிச்சக் காசில் தாத்தாவுக்கு ஒரே ஒரு பழைய இந்திரஜால், அப்பாவுக்கு இரண்டு ராணி. கிழியாமல், பக்கம் குறையாமல் இருந்தால் போதும். ‘முதல் இதழ்’, ‘அரிய இதழ்’ என்று விலை ஏற்றுபவரிடம் போகாதீர்கள். சேகரிப்பவர்களுக்குத்தான் அந்த விலை, வாசிப்பவர்களுக்கு அது தேவையில்லை.

கேள்வி: இணையத்தில் ‘மாயாவி பழைய இதழ்கள் 6’ என்று பார்த்து ஒரு கடைக்குப் பணம் அனுப்பினேன். வந்தது முகமூடி மாயாவி இல்லை, இரும்புக்கை மாயாவி. இரண்டு இதழ்கள் போட்டோ கொப்பி மாதிரி இருக்கின்றன. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்? (பண்டாரவளை வாசகர்)

பதில்: தம்பி, முதல் பாதியில் கடைக்காரரின் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. தமிழில் மாயாவி என்றால் இரண்டு பேர். இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் 1962இல் வேலியண்ட் என்ற காமிக்ஸ் இதழில் பிறந்தவர். வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல்தான் அவர். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய, உடம்பு மறைந்துவிடும். 1972இல் முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் தொடங்கியது. அதனால் முத்து வாசகர்களிடம் ‘மாயாவி’ என்றால் அவர், ராணி வாசகர்களிடம் முகமூடிக்காரர். வாங்கும்போது ‘முகமூடி வீரர்’ அல்லது ‘வேதாளர்’ என்று முழுசாக எழுதி, அட்டைப் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

கொப்பி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உண்மையான பழைய இதழா என்று இப்படிப் பாருங்கள். பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். போட்டோ கொப்பியில் கறுப்பு மை தாளின் மேல் படிந்து லேசாகப் பளபளக்கும், விரலால் அழுத்தித் தேய்த்தால் சிலவேளை உதிரும். பழைய அச்சில் மை தாளுக்குள் ஊறி, மறுபக்கம் நிழலாகத் தெரியும். நிறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும், சில இடத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். நடுப்பக்கத்தில் குத்திய கம்பிப் பின் துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை விட்டிருக்கும். தாள் மட்டும் ஐம்பது வருஷப் பழுப்பு, பின் மட்டும் புதுசு என்றால் சந்தேகப்படுங்கள்.

நானும் இதில் அடிபட்டவள். கட்டாக வாங்கிய இதழ்களைப் பின்னேரம் ஆசையாகப் பிரித்தால், மூன்றில் நடுத்தாள் இல்லை. பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அந்தத் தாள்தான். ஒரு தாள் போனால் கதையின் நடுவில் நாலு பக்கம் போச்சு. வில்லன் மாயாவியைக் கட்டி வைக்கிறான், அடுத்த பக்கத்தில் மாயாவி குதிரையில் போகிறார். இடையில் எப்படித் தப்பினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிலிருந்து நடுப்பக்கப் படம் அனுப்பாதவரிடம் நான் வாங்குவதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. விளம்பரத்தை, நீங்கள் பேசிய செய்திகளை, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டை எல்லாம் படம் பிடித்து வையுங்கள். கொப்பியை அசல் என்று விற்றது பொருளைப் பற்றி வாங்குபவரைத் தவறாக நம்ப வைத்தது. கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பி, ஒரு வாரம் தவணை கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுதுங்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாள் போக விடாதீர்கள். பிழையான மாயாவி வந்தது பற்றித் தனியாக எழுதுங்கள், கொப்பி பற்றித் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் வலுவான முறைப்பாடு பலவீனமானதோடு சேர்ந்து நின்றுவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய காமிக்ஸ் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாங்கள் இருப்பது தலவாக்கலைப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியும்தான். எப்படிப் பாதுகாப்பது, ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: பெரிய செலவு வேண்டாம். நம் மலையில் புத்தகத்துக்கு முதல் எதிரி ஈரம், பூச்சியெல்லாம் அப்புறம். வெயில் அடிக்கும் நாளில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்துக் காய விடுங்கள். நேர் வெயிலில் போட்டால் செய்தித்தாள் ரகத் தாள் சீக்கிரம் மஞ்சளாகி முறியும். பூஞ்சணத்தைக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

என் பெரியப்பா ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். உள்ளே ஈயநிறத் தகடு ஒட்டிய பழைய பலகைத் தேயிலைப் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில்தான் தன் இதழ்களை வைத்திருந்தார். தேயிலை ஈரம் இழுக்கக் கூடாது என்று செய்த பெட்டி, புத்தகத்தையும் அப்படியே காப்பாற்றியது. மூடியைத் திறந்தால் இன்றும் தேயிலை வாசனையும் பழைய தாள் வாசனையும் சேர்ந்து வரும். இப்போது தேயிலை காகிதப் பைகளில் போவதால் அந்தப் பெட்டி கிடைப்பது கஷ்டம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி போதும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருவதையே எடுத்து வைக்கலாம். பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டு பலகைத் துண்டின் மேல் வையுங்கள், சுவரோடு ஒட்ட வேண்டாம். பூச்சி உருண்டை போட்டால் துணியில் சுற்றி, தாளில் படாமல் போடுங்கள்.

கேள்வி: எல்லா மாயாவி இதழ்களையும் பிடிஎஃப் ஆக 500 ரூபாவுக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கதைகளுக்கு உரிமைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் காசில் ஒரு சதமும் அவர்களுக்குப் போகாது. அந்த 500 ரூபாவுக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் ஒரு ராணி காமிக்ஸை வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் நடுப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.